ஆசிரியர்களுக்குக் கண் பரிசோதனைப் பயிற்சி: சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத் தமிழ்ப் பள்ளிகளுக்கு ஒரு வழிகாட்டி

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை, பெருமாட்டி என்று எல்லையை ஒட்டிய பஞ்சாயத்துகளில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அப்படி ஒரு பள்ளியில் சுகாதாரப் பொறுப்பு உங்களிடம் வந்திருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். ஆசிரியர்களுக்குக் கண் பரிசோதனைப் பயிற்சி ஏற்பாடு செய்ய யாரைப் பார்ப்பது, யாருக்கு எழுதுவது, எவ்வளவு செலவாகும் என்று சொல்ல ஆளில்லாமல் நாங்கள் பாலக்காட்டுக்கும் கோயம்புத்தூருக்கும் அலைந்தோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சி அரை நாளில் முடிந்துவிடும். பார்வை குறைவு என்று கண்டுபிடித்த பிள்ளை கண்ணாடி போட்டுக்கொண்டு வகுப்பில் உட்காரும் வரை விடாமல் பின்தொடர்வதுதான் உண்மையான வேலை. அதற்கு ஆள் யார், வண்டி எது, பணம் எங்கிருந்து என்று முடிவு செய்யாமல் பயிற்சிக்குத் தேதி குறிக்காதீர்கள். பார்வை குறைவு என்று எழுதிக் கொடுத்துவிட்டு அதற்குமேல் எதுவும் செய்யாவிட்டால், அடுத்த முறை பெற்றோர் உங்கள் சீட்டை மடித்துப் பையில்கூட வைக்கமாட்டார்கள்.

1. முதலில் யாரைப் பார்ப்பது

உங்கள் பஞ்சாயத்தின் குடும்ப ஆரோக்கிய மையத்துக்கு முதலில் போங்கள். பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. நர்ஸ் யார் என்று கேளுங்கள். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை உள்ளவர்களின் உடற்குறைகளைக் கண்டறியும் மத்திய அரசுத் திட்டம் அது. பிள்ளைகளின் பார்வையும் அதில் அடக்கம். நர்ஸைக் கூட்டாளியாக வைத்துக்கொள்ளாமல் தனியாக முகாம் நடத்தினால், ஒரே பிள்ளையை இரண்டு பேர் சோதித்து இரண்டு விதமாக எழுதும் குழப்பம் வரும்.

அடுத்தது கண் பிரிவு. அரசு மருத்துவமனைகளிலும் சில ஆரோக்கிய மையங்களிலும் கண் பரிசோதகர், அதாவது ஆப்டோமெட்ரிஸ்ட், இருக்கிறார். தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின்படி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும், அவர்கள் அனுப்பும் பிள்ளைகளை மறுபடி சோதிப்பதும், ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடிக்கு எழுதுவதும் இவர்கள் வழியாகவே நடக்கின்றன.

மூன்றாவது வழி, பெரிய கண் மருத்துவமனைகளின் வெளிக்கள முகாம் பிரிவு. நம் பக்கத்துக்குக் கோயம்புத்தூரில் அரவிந்த், சங்கரா இரண்டும் இருக்கின்றன. கோழிப்பாறையில் அகல்யா இருக்கிறது. பயிற்சிக்குக் கட்டணம் உண்டா, குறைந்தபட்சம் எத்தனை பிள்ளைகள் வேண்டும், கண்ணாடி இலவசமா சலுகை விலையா என்ற மூன்றையும் போனில் கேட்டுவிட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். "பார்த்துக்கொள்ளலாம் டீச்சர்" என்ற வாய்ச்சொல்லை நம்பி நாங்கள் பிள்ளைகளைத் திரட்டி வைத்திருந்தோம். வந்த குழுவிடம் கண்ணாடிக்கு ஏற்பாடே இல்லை. நீங்கள் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அரசு வழியா, தனியார் வழியா என்று கேட்டால் என் கருத்து இது: பயிற்சிக்கு யார் முதலில் தேதி தருகிறார்களோ அவர்கள், தொடர் சிகிச்சைக்கு உங்கள் ஊரிலிருந்து ஒரே பஸ்ஸில் போகக்கூடிய இடம். இரண்டு பஸ் மாறவேண்டிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தால் பாதிப் பேர் போகமாட்டார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகும் அம்மாவுக்கு ஒரு பஸ்ஸா இரண்டு பஸ்ஸா என்பது பெரிய விஷயம்.

2. கடிதங்களும் அனுமதியும்

வேண்டிய காகிதங்கள் அதிகம் இல்லை. ஆனால் ஒன்று குறைந்தாலும் ஒரு வாரம் போய்விடும்.

தலைமையாசிரியரின் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் உள்ள வேண்டுகோள் கடிதம். அதில் வகுப்புவாரியாக மாணவர் எண்ணிக்கை, பயிற்சி பெறப்போகும் ஆசிரியர் எண்ணிக்கை, மூன்று மாற்றுத் தேதிகள். ஒரு தேதி மட்டும் எழுதினால் "அன்று முடியாது" என்று பதில் வந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும். உதவிக் கல்வி அதிகாரி (ஏ.இ.ஓ.) அலுவலகத்துக்கு ஒரு நகல், குடும்ப ஆரோக்கிய மையத்தின் மருத்துவ அதிகாரிக்கு ஒரு நகல். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தீர்மானத்தின் நகல் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்; பணம் செலவழிக்கும்போது அது கைகொடுக்கும்.

மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஆனாலும் மேசைக்கு மேசை நகரவேண்டிய கடிதம் என்றால் தமிழ் ஒரு பக்கம், மலையாளம் மறுபக்கம் என்று இரண்டிலும் கொடுப்பது நல்லது. உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. கடிதம் தேங்காமல் நகரவேண்டும், அவ்வளவுதான்.

பெற்றோருக்குப் போகும் சம்மதச் சீட்டு மட்டும் கண்டிப்பாகத் தமிழில் இருக்கட்டும். மருத்துவமனை தரும் அச்சிட்ட படிவம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், நீங்களே ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி நகலெடுங்கள். அதில் மூன்று விஷயங்கள் போதும்: பள்ளியில் பார்வை அளப்போம், குறை இருந்தால் சொல்வோம், சொட்டு மருந்து எதுவும் பள்ளியில் போடமாட்டோம். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பெற்றோரின் முதல் பயமே மருந்துதான். வீட்டில் படிக்கத் தெரியாதவர்கள் இருந்தால் ஆஷா பணியாளர் சொல்லிவிடுவார். அவருக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள்.

3. தேதி குறிப்பது

ஜூன் முதல் வாரத்தில் பள்ளி திறக்கிறது. அந்த மாதமே கடிதங்களைக் கொடுத்துவிட்டால் ஜூலையில் பயிற்சி, அதை ஒட்டியே பரிசோதனை, ஓணத் தேர்வுக்கு முன்போ ஓண விடுமுறையிலோ மருத்துவமனை, விடுமுறை முடிந்து வரும்போது கண்ணாடி என்று வரிசை அமைகிறது. இதைத் தள்ளிப்போட்டால் தேர்வு, கலோத்சவம் என்னும் பள்ளிக் கலைவிழா, விளையாட்டுப் போட்டி என்று ஒவ்வொன்றாக வந்து ஜனவரி ஆகிவிடும். பிள்ளை ஒரு வருடத்தைக் கரும்பலகை தெரியாமலேயே கழித்திருக்கும்.

அக்டோபர் இரண்டாம் வியாழக்கிழமை உலகப் பார்வை தினம். மருத்துவமனைக் குழுக்களுக்கு அந்த வாரம் நிகழ்ச்சிகள் மிகுதி. அப்போது உங்களுக்கு நேரம் ஒதுக்குவது கடினம்.

தேர்வுக்கு முந்தைய வாரத்தில் யாரையும் மருத்துவமனைக்கு அனுப்பவேண்டாம். பிள்ளைகளின் பவரைச் சரியாக அளக்கக் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போடுவார்கள். அதன்பின் ஒரு நாளாவது பக்கத்து எழுத்து மங்கும், வெளிச்சம் கூசும். சில மருந்துகளுக்கு இது பல நாட்கள் நீடிக்கும். தேர்வெழுத முடியாமல் பிள்ளை அழுதால், பெற்றோர் மருத்துவமனையைத் திட்டுவதில்லை; உங்களைத்தான் கேட்பார்கள்.

ஜூலையில் இன்னொரு தொல்லை: பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. பார்வை அளக்க வராந்தாவில் மாட்டிய எழுத்து அட்டை படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். நான்கு மூலையும் சுவரில் ஒட்டவேண்டும். ஆணியில் தொங்கவிட்டால் வேலைக்காகாது. மேகம் கவிந்த மதியங்களில் வெளிச்சம் போதாது. காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை நல்ல நேரம்.

4. சாமான்களும் செலவும்

பயிற்சி தருபவர்கள் பெரும்பாலும் அட்டை, டேப், சீட்டு அடங்கிய ஒரு பையைத் தருவார்கள். தராவிட்டாலும் பயப்படவேண்டாம். 6 மீட்டருக்கு மேல் நீளமுள்ள டேப் ஒன்று, பார்வை அட்டை இரண்டு, கண்ணை மறைக்கக் கெட்டி அட்டை, சிறிய டார்ச், ஒரு நீள நோட்டு, சாக்பீஸ். எல்லாம் சேர்த்து ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். சம்மதச் சீட்டு நகலெடுக்கும் செலவு பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. இரண்டு சீட்டை ஒரே தாளில் அடித்து வெட்டிக்கொண்டால் பாதியாகக் குறையும். பயிற்சி நாளில் தேநீரும் வடையும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கணக்கில்.

பெரிய செலவு பின்னால் வருகிறது: மருத்துவமனைக்கு வண்டி, கண்ணாடி. இவற்றுக்கு முன்பே ஒரு தொகையை ஒதுக்குங்கள். உள்ளூர்க் கடையில் சாதாரண பவர் கண்ணாடி ஐந்நூறு ரூபாயிலிருந்து ஆயிரம் வரை ஆகலாம். எத்தனை பேருக்கு வேண்டியிருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே பஞ்சாயத்து உறுப்பினர், ஊர்ச் சங்கம், பழைய மாணவர்கள் என்று யாரிடமாவது "இத்தனை கண்ணாடி வரை நாங்கள் தருகிறோம்" என்ற உறுதியை முன்பே வாங்கிவிடுங்கள்.

பார்வை அட்டையைப் பற்றி ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. மூன்று கைகளும் ஒரு முதுகுமாக இருக்கும் ஆங்கில 'ஈ' (E) எழுத்துள்ள அட்டைதான் நமக்குப் பொருத்தம். எழுத்து தெரியாத ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் கைகள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று காட்டிவிடும். ஆனால் அட்டையை நகலெடுக்கும்போது எழுத்து சுருங்கும். எங்களுக்கு வந்த ஒரு கட்டு அப்படித்தான் சுருங்கியிருந்தது. ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் 6/60, 6/12 என்று எண் இருக்கும்; நல்ல கண் 60 மீட்டரில் படிக்கும் எழுத்தை 6 மீட்டரில்தான் படிக்க முடிகிறது என்றால் அது 6/60. ஸ்கேலை எடுத்து அளந்து பாருங்கள்: 6 மீட்டர் அட்டையில் 6/60 என்று குறித்த பெரிய எழுத்தின் உயரம் ஏறக்குறைய 87 மில்லிமீட்டர், 6/12 எழுத்து 17 அல்லது 18, 6/9 எழுத்து 13 இருக்கவேண்டும். குறைவாக இருந்தால் நல்ல கண் உள்ள பிள்ளைகளையும் மருத்துவமனைக்கு அனுப்பிக்கொண்டிருப்பீர்கள். 3 மீட்டருக்கென்று செய்த அட்டையும் புழக்கத்தில் உண்டு. அதில் எழுத்துகள் இதில் பாதிதான். அட்டையின் ஓரத்தில் எத்தனை மீட்டர் என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்காமல் சுவரில் ஒட்டாதீர்கள்.

5. பயிற்சிக்கு யாரை அனுப்புவது, என்ன கேட்பது

எல்லா ஆசிரியர்களையும் உட்கார வைத்துச் சொற்பொழிவு நடத்துவதில் பயனில்லை. நூறு, நூற்றைம்பது பிள்ளைகளுக்கு ஒருவர் என்று தேர்ந்தெடுங்கள். கண்ணாடி போடும் ஆசிரியர் ஒருவர் இருந்தால் அவரைக் கட்டாயம் சேருங்கள்; "டீச்சரும் போட்டிருக்கிறார்களே" என்ற ஒரு வார்த்தை எத்தனையோ பிள்ளைகளின் கூச்சத்தைப் போக்கும். சத்துணவு சமைக்கும் அம்மாவையும் அங்கன்வாடி டீச்சரையும் கூப்பிடுங்கள். யார் மாலையில் தட்டுத் தடுமாறுகிறார்கள், எந்தக் குழந்தை டிவிக்கு ஒட்டி உட்காருகிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

வேலை நாளில்லாத சனிக்கிழமை காலை நல்லது. பேச்சு ஒரு மணி நேரத்துக்குமேல் வேண்டாம் என்று பயிற்சியாளரிடம் பணிவாகச் சொல்லிவிடுங்கள். மீதி நேரம் முழுக்கச் செய்முறை. பக்கத்தில் குடியிருக்கும் பிள்ளைகள் பத்துப் பேரை வரச் சொல்லி, ஒவ்வோர் ஆசிரியரும் பயிற்சியாளர் கண்முன்னே பார்வை அளக்கட்டும். அதே பிள்ளையைப் பயிற்சியாளரும் அளக்கட்டும். இரண்டு விடையும் ஒத்துவந்தால்தான் அந்த ஆசிரியர் தயார்.

எந்த வரி தெரியாவிட்டால் அனுப்பவேண்டும் என்பதைப் பயிற்சியாளரிடம் திட்டமாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சிலர் 6/9 என்பார்கள், சிலர் 6/12 என்பார்கள். எதுவானாலும் பள்ளி முழுக்க ஒரே அளவுகோல் இருக்கவேண்டும். ஆசிரியர் பவர் சொல்லவேண்டியதில்லை, நோயின் பெயர் சொல்லவேண்டியதில்லை. தெரிகிறதா, இல்லையா, பார்த்தால் ஏதாவது மாறுபாடு உண்டா. இவ்வளவுதான் அவர் வேலை. "உன் பிள்ளைக்குக் கண்ணில் பூ விழுந்திருக்கிறது" என்று ஆசிரியர் வாயால் சொல்லிவிட்டால் ஊரில் வேறு கதையாகிவிடும்.

6. பார்வை அளக்கும் முறை

வகுப்பறையில் 6 மீட்டர் கிடைப்பது அரிது. வராந்தாவில் டேப் பிடித்து, பிள்ளையின் குதிகால் நிற்கவேண்டிய இடத்தில் சாக்பீஸ் கோடு போடுங்கள். அட்டை பிள்ளையின் கண் மட்டத்தில் இருக்கட்டும். பிள்ளை வெயிலைப் பார்த்து நிற்கக்கூடாது. வெளிச்சம் அட்டையின் மேல் விழவேண்டும்.

முதலில் பக்கத்தில் நிறுத்தி, எழுத்தின் கைகள் எந்தப் பக்கம் நீள்கின்றனவோ அந்தப் பக்கம் தன் கையை நீட்டப் பழக்குங்கள். பிறகு கோட்டுக்கு அனுப்புங்கள். வலது கண், பிறகு இடது கண். கண்ணாடி உள்ள பிள்ளையைக் கண்ணாடியோடு அளக்கவேண்டும். ஒரே அளவு எழுத்தை ஐந்து முறை திசை மாற்றிக் காட்டி, நான்கு சரியாகச் சொன்னால் தெரிகிறது என்று நாங்கள் எழுதினோம்.

மிகப் பெரிய பொறி, இரண்டு கண்ணையும் திறந்து வைத்துச் சோதிப்பது. ஒரு கண் நன்றாக இருந்தால் போதும், பிள்ளை கடைசி வரி வரை சொல்லிவிடும். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. வகுப்பில் முதலாவதாக வருபவள். வலது கண்ணைத் திறந்து வைத்தபோது கை மின்னலாய்த் திரும்பியது. மறைப்பை மாற்றி வலது கண்ணை மூடியதும் கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு தலையை மெல்லச் சாய்த்து, மறைப்பின் விளிம்பு வழியாக எட்டிப் பார்த்தாள். நேராக நிற்கச் சொன்னால், "அட்டை எங்கே இருக்கு டீச்சர்?" என்று கேட்டாள். வீட்டில் யாருக்கும் தெரியாது; அவளுக்குமே தெரியாது. பிறந்ததிலிருந்து ஒரு கண்ணால் பார்த்தே பழகியவள், எல்லாருக்கும் இப்படித்தான் என்று நினைத்திருக்கிறாள்.

இதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறார்கள். கண்ணில் பவர் வித்தியாசமோ மாறுகண்ணோ இருந்து, மூளை அந்தக் கண் அனுப்பும் படத்தை ஒதுக்கிவிடுகிறது. கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைச் சில மணி நேரம் மூடி வைத்து, பலவீனமான கண்ணுக்கு வேலை கொடுத்தால் பார்வை திரும்பும். ஆனால் ஏழெட்டு வயதுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். வயது ஏற ஏறக் கடினம். ஆகவே நேரம் குறைவாக இருந்தால் ஒன்று, இரண்டாம் வகுப்புகளை முதலில் முடியுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு ஒரு மாதம் தள்ளிப்போனாலும் கண்ணாடி கண்ணாடிதான். சின்னப் பிள்ளைகளுக்குப் போன காலம் திரும்பாது. பல இடங்களில் "மேல் வகுப்புகள் மட்டும் போதும்" என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மற்றப் பொறிகள்: விரல் இடுக்கு வழியாகப் பார்ப்பது (உள்ளங்கையோ கெட்டி அட்டையோ கொண்டு மறையுங்கள், கண்ணை அழுத்தவேண்டாம்; அழுத்தினால் அடுத்த முறைக்கு அந்தக் கண் மங்கலாகத் தெரியும்), கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, வரிசையில் நிற்கும் தோழன் காதில் சொல்லிக் கொடுப்பது. வரிசையை அட்டை தெரியாத இடத்தில் நிறுத்துங்கள். எல்லாரும் கேட்கும்படி "உனக்குத் தெரியவில்லை" என்று சொல்லாமல் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

7. அட்டையில் அகப்படாதவை

6 மீட்டர் அட்டை கிட்டப்பார்வையை, அதாவது தூரத்தில் மங்கலாகத் தெரிவதை, பிடித்துவிடும். தூரப்பார்வை உள்ள பிள்ளை தப்பிவிடும். படிக்கும்போது தலைவலி, கண்ணீர், வரி தவறுதல் என்று சொல்லும் பிள்ளை எல்லா வரியும் படித்தாலும் அனுப்புங்கள்.

வெளிச்சத்தில் நிறுத்தி முகத்தைப் பாருங்கள். கருவிழிக்குள் வெள்ளையாக ஏதாவது மின்னினால், போனில் பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது என்று தாய் சொன்னால், அந்த வாரமே மருத்துவமனைக்குப் போகவேண்டும். கண்புரையாக இருக்கலாம்; சிறு குழந்தைகளில் விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். முகாம் தேதி வரட்டும் என்று காத்திருக்கவேண்டாம். மாறுகண்ணை அதிர்ஷ்டம் என்று விட்டுவைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. எந்த வயதானாலும் அனுப்புங்கள்.

வெள்ளை விழியில், காதுப் பக்கமாக, சோப்பு நுரை போன்ற சாம்பல் நிறத் திட்டு இருந்தாலும், மாலையில் தடுமாறினாலும் வைட்டமின் ஏ குறைவாக இருக்கலாம். ஆரோக்கிய மையத்தில் காட்டுங்கள். ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை தரும் வைட்டமின் ஏ திரவம் தம்பி தங்கைகளுக்குத் தவறாமல் கிடைத்ததா என்றும் கேளுங்கள். எல்லை தாண்டி வேலைக்குப் போய் வரும் குடும்பங்களில் இது எளிதாக விட்டுப்போகும். முருங்கைக்கீரை நம் ஊர் வேலியில் நிற்கிறது; சத்துணவில் சேர்க்கச் சொல்லுங்கள்.

எப்போதும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒவ்வாமை. இதில் ஆபத்து நோயைவிட மருந்தில் இருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் அரிப்பு உடனே அடங்கும். மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு கெடும், கண்புரையும் வரும். பெற்றோர் கூட்டத்தில் இதைத் தனியாகச் சொல்லுங்கள். தாய்ப்பால், இலைச்சாறு, விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விடக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மெட்ராஸ் ஐ வந்தால் கண்ணில் பீளை நிற்கும் வரை வீட்டில் இருக்கட்டும். ஒரே துண்டைப் பலர் பயன்படுத்தக்கூடாது. கண் சிவந்து, வலியோடு பார்வையும் மங்கினால் அது மெட்ராஸ் ஐ அல்ல. அன்றே மருத்துவர்.

8. கண்ணில் அடிபட்டால்

இந்தப் பகுதியைப் பயிற்சியில் விட்டுவிடுவார்கள். நீங்கள் கேட்டு வாங்குங்கள். ஈர்க்குச்சி அம்பு, காம்பஸ் முள், கில்லி, விஷுவுக்கும் தீபாவளிக்கும் வெடிக்கும் பட்டாசு, திருவிழாக் கடையில் விற்கும் லேசர் விளக்கு. பிள்ளைகளின் கண்ணைக் கெடுப்பவை பெரும்பாலும் இவைதாம்.

சுண்ணாம்போ மருந்துத் தூளோ பட்டால் அந்த நொடியே குழாயடிக்குக் கூட்டிப் போய், இமையை விரித்துப் பிடித்து, குறைந்தது அரை மணி நேரம் சுத்தமான தண்ணீரை ஓடவிட்டுக் கழுவவேண்டும். ஒட்டியிருக்கும் துகளையும் ஈரப் பஞ்சால் எடுத்துவிடுங்கள். கழுவிய பிறகுதான் வண்டி. வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பிள்ளைகள் அழுத்தி விளையாடினால் உள்ளிருப்பது கண்ணில் பீச்சும்; வளாகத்தில் கண்டால் பொறுக்கி எறியுங்கள்.

கூர்மையான பொருள் குத்தினால் நேர்மாறு: கழுவக்கூடாது, தேய்க்கக்கூடாது, குத்தியதைப் பிடுங்கக்கூடாது, சொட்டு மருந்து கூடாது. கண்ணில் படாதபடி ஒரு காகிதக் குவளையைக் கவிழ்த்து பிளாஸ்டரால் ஒட்டி, கண் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். வழியில் தின்ன எதுவும் கொடுக்கவேண்டாம். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கலாம். எந்த மருத்துவமனை, எந்த வண்டிக்காரர் என்ற இரண்டு எண்களையும் ஆசிரியர் அறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

9. சீட்டு எழுதிய பிறகு

சீட்டைப் பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்பினால் அது பையின் அடியில் மக்கும். பெற்றோரை வரவழையுங்கள், அல்லது போன் செய்யுங்கள், அல்லது ஆஷா வழியாக அனுப்புங்கள். வந்த பெற்றோரைப் பிள்ளை நின்ற அதே கோட்டில் நிறுத்தி அட்டையைக் காட்டுங்கள். அவர்களுக்குத் தெளிவாகத் தெரியும் எழுத்தைப் பிள்ளை தடவித் தடவிச் சொல்வதைக் கண்ணால் பார்த்தபின் யாரும் மறுத்ததில்லை. அட்டையைக் காட்டாமல் சொல்லும் எந்த விளக்கத்துக்கும் இவ்வளவு பலமில்லை.

பெற்றோர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். கண்ணாடி போட்டால் பவர் ஏறுமா? ஏறாது, வளரும் வயதில் பவர் மாறுவது கண்ணாடியால் அல்ல. கீரையும் காரட்டும் கொடுத்தால் சரியாகிவிடுமா? உடம்புக்கு நல்லது, ஆனால் பவரைப் போக்காது. பெண் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் நாளைக்கு மாப்பிள்ளை கிடைக்குமா? இந்தக் கேள்விக்குக் கோபப்படாமல் பதில் சொல்லக்கூடிய மூத்த ஆசிரியை ஒருவரை உட்கார வையுங்கள்.

மருத்துவமனைக்குத் தனித்தனியாகப் போகச் சொல்வதைவிட ஒரே நாளில் ஒரு வேனில் எல்லாரையும் கூட்டிப் போவது பலமடங்கு பலன் தரும். பெற்றோர் வர முடியாத பிள்ளைக்குச் சம்மதக் கடிதம் கட்டாயம். இல்லாவிட்டால் சொட்டு மருந்து போடாமல் திருப்பி அனுப்புவார்கள்.

காகிதங்கள்: பிள்ளையின் ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், பள்ளிச் சான்று, பழைய கண்ணாடிச் சீட்டு. நம் எல்லையில் ரேஷன் கார்டில்தான் சிக்கல். பிள்ளை இந்தப் பக்கம் பாட்டி வீட்டில் இருந்து படிக்கும். கார்டு அந்தப் பக்கம் பொள்ளாச்சியில் இருக்கும். அறுவை சிகிச்சை வேண்டியிருந்தால் கேரளத்தின் காருண்யா காப்பீட்டுக்குக் கேரளக் கார்டு, தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுக்குத் தமிழ்நாட்டுக் கார்டு. எந்த மருத்துவமனை எந்தத் திட்டத்தில் இருக்கிறது என்று கேட்ட பிறகே தேதி வாங்குங்கள். கேரளத்தில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் ஆரோக்கிய கிரணம் திட்டமும் உண்டு. அரசு ஊழியர், வருமான வரி கட்டுபவர் பிள்ளைகள் தவிர மற்றவர்களுக்குச் சிகிச்சை இலவசம்.

10. கண்ணாடி

அரசு இலவசக் கண்ணாடி வரத் தாமதமாகலாம். இரண்டு மாதத்துக்குமேல் ஆகும் என்று தெரிந்தால் ஒதுக்கி வைத்த பணத்தில் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். லென்ஸ் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். உடையும் கண்ணாடி விளையாடும் பிள்ளைக்கு ஆகாது. சட்டத்தை (பிரேமை) பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். ஒரே நிறத்தில் இருபது சட்டம் வாங்கிக் கொடுத்தால் "தர்மக் கண்ணாடி" என்ற கேலிக்குப் பயந்து பையிலேயே வைத்திருப்பார்கள்.

வந்ததும் அதே கோட்டில் நிறுத்தி, கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணாகச் சோதியுங்கள். கடையில் வலது இடது மாறிப்போவதும் உண்டு. தெரியவில்லை என்றால் அன்றே திருப்பிக் கொடுங்கள். தலைசுற்றல் ஓரிரு நாள் இருக்கும்; ஒரு வாரத்துக்குமேல் நீடித்தால் மறுபடி மருத்துவமனை.

கண்ணாடியால் சரியாகாத குறைபார்வை உள்ள பிள்ளையை விட்டுவிடாதீர்கள். வட்டார வள மையத்தில் (பி.ஆர்.சி.) உள்ள சிறப்பாசிரியரிடம் சொல்லுங்கள். பெரிய எழுத்துப் பாடம், முன் வரிசை, தேர்வில் கூடுதல் நேரம் ஆகியவற்றுக்கு வழி உண்டு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் அவரே வழிகாட்டுவார்.

கண் நன்றாக உள்ளவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது: வெளியே விளையாடுவது. தினமும் இரண்டு மணி நேரம் பகல் வெளிச்சத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை தொடங்குவது குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்குத் தராதீர்கள். கணக்கு வாத்தியார் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

11. பதிவேடு

ஒரு நீள நோட்டு போதும். பெயர், வகுப்பு, வலது கண், இடது கண், சீட்டு கொடுத்த தேதி, மருத்துவமனைக்குப் போன தேதி, மருத்துவர் சொன்னது, கண்ணாடி வந்த தேதி, கடைசியாக "போட்டிருக்கிறாரா" என்று ஒரு கட்டம். அந்தக் கடைசிக் கட்டத்தை மாதம் ஒரு முறை வகுப்புக்குப் போய் நிரப்புங்கள். பிள்ளைகளின் பெயரையும் குறையையும் வாட்ஸ்அப் குழுவில் போடவேண்டாம்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பின் ஒரு முறை, சீட்டு வாங்கியும் போகாதவர்களுக்கு மட்டும் மறுபடி போன் செய்யுங்கள். கண்ணாடி போடும் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறை பவர் பார்க்கவேண்டும். சோம்பேறிக் கண்ணுக்குச் சிகிச்சை எடுப்பவர்கள் மருத்துவர் சொன்ன இடைவெளியில் தவறாமல் போகவேண்டும். ஏழாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போகும் பிள்ளையின் மாற்றுச் சான்றிதழோடு அந்தப் பக்கத்தின் நகலையும் இணைத்து அனுப்புங்கள். உங்களுக்கு மாற்றல் வந்தால் நோட்டையும் அட்டையையும் டேப்பையும் அடுத்த பொறுப்பாசிரியரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள்.